எத்தனை எம்பிபிஎஸ் போதும்?

புது ஃபைபர் இணைப்புக்குச் சொல்லி அனுப்பினால், வருகிற பையன் முதலில் கேட்பது இதுதான்: "வீட்ல எத்தனை பேர் சார்? மொத்தம் எத்தனை டிவைஸ் இருக்கும்?" நாமும் விரல்விட்டு எண்ணுவோம். ஆளுக்கொரு ஃபோன், ஹாலில் டிவி, லேப்டாப் இரண்டு, படிக்கிற பிள்ளைக்கு ஒரு டேப், வாசலில் கேமரா. பத்து, பன்னிரண்டு என்று கணக்கு ஏறும். "அப்ப 200 போட்டுக்கோங்க சார், அப்பதான் கரெக்டா இருக்கும்" என்பார். நாமும் தலையாட்டிவிடுவோம்.

அந்தக் கேள்வியே தவறு. சார்ஜில் கிடக்கிற ஃபோன் கிட்டத்தட்ட எதையும் இழுப்பதில்லை. அணைத்து வைத்த டேப் கணக்கிலேயே வராது. கருவிகளை எண்ணுவதை விட்டுவிட்டு, உங்கள் வீட்டில் இணையம் மிக அதிகமாகப் புழங்குகிற ஒரு மணி நேரம் எது என்று பாருங்கள். பெரும்பாலும் இரவு எட்டரையிலிருந்து பத்துக்குள் இருக்கும். அந்த நேரத்தில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று கூட்டினால் விடை வந்துவிடும். நான் பார்த்தவரை அந்த விடை 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டுகிற வீடு அபூர்வம். 40-க்குள் அடங்குகிற வீடுகள் ஏராளம்.

கணக்குக்குள் போகுமுன் அலகைப் பற்றி ஒரு வார்த்தை. பிளானில் எழுதியிருக்கும் எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு இத்தனை மெகாபிட். ஒரு கோப்பை டவுன்லோடு செய்யும்போது கணினி காட்டுவதோ மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக 100 எம்பிபிஎஸ் இணைப்பில் விநாடிக்கு 12.5 எம்பிதான் இறங்கும். "100 வாங்கினேன், 12தான் வருது" என்று கஸ்டமர் கேரில் சண்டை போடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குச் சரியாகத்தான் வந்துகொண்டிருக்கிறது.

எது எவ்வளவு இழுக்கும்

நெட்ஃப்ளிக்ஸ் தன் சந்தாதாரர்களுக்குச் சொல்லும் கணக்கு: 720பி படத்துக்கு 3 எம்பிபிஎஸ், முழு எச்டிக்கு 5, 4கே படத்துக்கு 15. யூடியூப் 4கே-வுக்கு 20 கேட்கிறது. முழு எச்டிக்கு அதுவும் 5தான். ஃபோனில் 480பி-யில் ஓடும் பழைய பாட்டுக்கு 1.1 போதும். ஜூமில் பத்துப் பேர் கூடிப் பேசினாலும், 1080பி தெளிவிலேயே, இறங்க 3, ஏற 3.8 என்ற அளவில் நின்றுவிடும். ஆன்லைன் விளையாட்டுக்கு ஒரு எம்பிபிஎஸ்கூடத் தேவையில்லை. விளையாடுகிற பையன் நம்பமாட்டான், ஆனால் உண்மை அதுதான். விளையாட்டுக்கு வேண்டியது வேறொன்று, அதற்குப் பின்னால் வருகிறேன்.

இங்கே கவனிக்க வேண்டியது, 15 கேட்கிற படத்துக்கு 300 கொடுத்தாலும் அது 15-ஐத்தான் எடுத்துக்கொள்ளும். படம் கூடுதல் தெளிவாகாது. 4கே பார்ப்பதற்கு டிவியும் 4கே ஆக இருக்க வேண்டும், படமும் அந்தத் தரத்தில் வந்திருக்க வேண்டும், பல ஓடிடிகளில் விலை கூடிய சந்தாவும் கட்டியிருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தாத வீட்டில் எல்லாரும் பார்ப்பது 5 எம்பிபிஎஸ் படம்தான்.

மதுரையில் மாடிவீடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். கூட்டுக்குடும்பம், ஏழு பேர். மணி இரவு ஒன்பது. ஹால் டிவியில் அப்பா 4கே படம் பார்க்கிறார்: 15. மாடியில் சித்தப்பா அமெரிக்க வாடிக்கையாளரோடு வீடியோ மீட்டிங்கில் இருக்கிறார்: 4. சித்தி ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிறார். அது விட்டுவிட்டு இழுக்கும், இருந்தாலும் 5 என்று வைத்துக்கொள்வோம். பெரியவளுக்கு ஆன்லைன் நீட் வகுப்பு: 3. சின்னவன் விளையாட்டில்: 1. பாட்டி மதியம் விட்டுப்போன சீரியலை ஃபோனில் பார்க்கிறார்: 2.5. தாத்தா எட்டரைக்கே படுத்துவிட்டார். அவர் கணக்கு சுழியம்.

மொத்தம் 30.5. எல்லாரும் ஒரே நேரத்தில், டிவியில் 4கே ஓடும்போதே இவ்வளவுதான். டிவியில் ஓடுவது சாதாரண எச்டி என்றால் 20.5-ஆகக் குறையும். யாருக்கும் சொல்லாமல் ஃபோன்கள் பின்னால் செய்துகொள்ளும் ஆப் அப்டேட், வாட்ஸ்அப் பேக்கப் முதலியவற்றுக்காகப் பாதி அளவு கூடச் சேர்த்தால் ஏறக்குறைய 46. ஆக இந்த வீட்டுக்கு 50 எம்பிபிஎஸ் பிளான் சௌகரியமாகப் போதும். 40-லும் ஓடும். 100 போட்டால் தாராளம். 300 என்பது வீண்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, கணவன் மனைவி இருவர் மட்டும் இருக்கும் வீடுகள் இப்போது தெருவுக்கு நாலு இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பு, மாலையில் டிவியில் யூடியூப் பக்திச் சொற்பொழிவு, வாசலில் ஒரு கேமரா. கிடைப்பதிலேயே ஆகக் குறைந்த 30 எம்பிபிஎஸ் பிளானிலும் அவர்கள் பாதியைக்கூடத் தொடமாட்டார்கள். ஆனால் அந்த வீடுகளில்தான் 200, 300 ஓடிக்கொண்டிருக்கும். "அப்பா, நெட் ஸ்லோவா இருந்தா எனக்குப் பேச முடியாது" என்று மகன் நியூ ஜெர்சியிலிருந்து ஆன்லைனிலேயே பணம் கட்டியிருப்பான். பெரியவருக்கு வேகம் பிரச்சினையே இல்லை. ரவுட்டர் ஹாலில் இருக்கிறது, அவர் பேசுவது பின்கட்டிலிருந்து. அங்கே வைஃபை எட்டுவதில்லை.

அப்படியானால் 100-க்கு மேல் யாருக்குத்தான் வேண்டும்? பெரிய கோப்புகளை அடிக்கடி ஏற்றி இறக்குகிறவர்களுக்கு. 100 ஜிபி கணினி விளையாட்டு ஒன்று 40 எம்பிபிஎஸ்ஸில் இறங்க ஐந்தரை மணி நேரம் ஆகும். 100-ல் இரண்டே கால் மணி, 300-ல் முக்கால் மணி. மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்கிற வீடென்றால் இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். திருமண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவருக்கு அப்படி முடியாது. ஒரு முகூர்த்தத்தின் 300 ஜிபி வீடியோவை கிளவுடில் ஏற்ற 40 எம்பிபிஎஸ்ஸில் ஏறக்குறைய பதினேழு மணி நேரம் பிடிக்கும். 300 எம்பிபிஎஸ்ஸில் இரண்டே கால் மணிதான். அவர் 300 வாங்குவது செலவு இல்லை, முதலீடு. பதினைந்து பையன்கள் தங்கும் மேன்ஷன், பிஜி நடத்துகிறவர்களும் பெரிய பிளானுக்குப் போகலாம்.

ஏற்றம்

பிளான் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது இறங்கு வேகம். அப்லோடு வேகத்தைப் பற்றிப் பலரும் கேட்பதேயில்லை. பெரிய கம்பெனிகளின் ஃபைபர் பிளான்களில் இரண்டும் ஒரே அளவாக இருப்பது வழக்கம். உள்ளூர் கேபிள்காரர் தரும் சில இணைப்புகளிலும், 5ஜி அலைவரிசையில் வரும் ஏர்ஃபைபர் வகையிலும் ஏற்றம் கணிசமாகக் குறைந்திருக்கும். கையெழுத்துப் போடுமுன் "அப்லோடு எவ்வளவு?" என்று நேராகக் கேளுங்கள்.

ஏன் என்றால், வீட்டில் நடக்கிற பாதிச் சண்டை இதனால்தான். கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்து நாலு பேர் ஃபோனும் வைஃபையில் ஒட்டிக்கொள்கின்றன. எடுத்த படமும் வீடியோவும் கூகுள் ஃபோட்டோஸுக்கு ஏறத் தொடங்குகின்றன. ஏற்றம் 5 எம்பிபிஎஸ்தான் என்றால் அது அப்படியே அடைத்துக்கொள்ளும். இறங்குகிற வேகம் தாராளமாக இருந்தும், வீடியோ மீட்டிங்கில் உங்கள் முகம் உறைந்து நிற்கும். காரணம், நீங்கள் அனுப்புகிற ஒவ்வொரு சின்னத் தகவலும் அந்தப் புகைப்படங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. வாசலிலும் கொல்லையிலும் கிளவுடில் பதிவாகும் கேமரா வைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, இரண்டு எம்பிபிஎஸ் ஏற்றம் ஒதுக்க வேண்டும். மெமரி கார்டில் பதிவாகிற கேமரா அப்படி இல்லை, நீங்கள் வெளியூரிலிருந்து திறந்து பார்க்கும்போது மட்டும்தான் இழுக்கும்.

இனி அந்த விளையாட்டுப் பையன் விஷயம். அவனுக்கு வேண்டியது தாமதம் குறைவாக இருப்பது. அவர்கள் பாஷையில் பிங். விரல் அழுத்தியது சர்வருக்குப் போய்ப் பதில் திரும்பிவர எத்தனை மில்லி விநாடி என்பதுதான் அது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் போகும் ஐ2ஐ கேபிளின் நீளம் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போக 16, வர 16, ஆக 32 மில்லி விநாடி. சிங்கப்பூர் சர்வரில் விளையாடினால் இதற்குக் கீழே போக வழியே இல்லை. பிளானை 40-லிருந்து 300-க்கு ஏற்றினால் ஒளி வேகமாக ஓடப்போவதில்லை. பிங் 30-லிருந்து திடீரென்று 200-க்குத் தாவுகிறதென்றால் வீட்டுக்குள் யாரோ எதையோ ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், அல்லது பையன் மூன்றாவது அறையில் வைஃபையில் விளையாடுகிறான். நாற்பது, ஐம்பது ரூபாய் மீட்டர் லேன் கேபிளில் கணினியை ரவுட்டரோடு இணைத்துவிடுங்கள். பிளானை மாற்றுவதைவிட அது பலமடங்கு பலன் தரும்.

மாலையானால் படுத்துவிடுகிறது

காலையில் 100 காட்டும், இரவு ஒன்பதுக்கு 20 காட்டும். இது நம் வீட்டுக்குள் நடப்பதில்லை. வீடுகளுக்கு வரும் ஃபைபரில் பெரும்பாலும் ஜிபான் என்ற முறை. ஒரு கம்பியில் இறங்குகிற 2.5 கிகாபிட்டை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். 64 பேருக்கும் ஆளுக்கு 40 எம்பிபிஎஸ் என்றால் 2,560. எல்லாரும் ஒரே விநாடியில் முழுதாக இழுத்தாலும் ஏறக்குறைய தாங்கும். அதே 64 பேருக்கு 300 விற்றால் 19,200 வேண்டும். எல்லாரும் சேர்ந்து இழுக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் விற்கிறார்கள். அந்த நம்பிக்கை பெரும்பாலும் பலிக்கிறது. எந்தப் பிளானிலும் "100 எம்பிபிஎஸ் வரை" என்று "வரை" போட்டிருப்பது இதற்காகத்தான்.

சிறிய உள்ளூர் கம்பெனிகளில் அடைப்பு வேறு இடத்தில் இருக்கும். தெருவுக்குள் கம்பி நன்றாகவே இருக்கும், ஆனால் அவர்கள் மேலேயிருந்து மொத்தமாக வாங்குகிற அளவு போதாமல் இருக்கும். அப்போது நீங்கள் 50-லிருந்து 150-க்குப் போனாலும் இரவு ஒன்பதுக்குக் கிடைப்பது அதே 20தான். ஒரு வாரம் காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பதுக்கும் அளந்து எழுதி வையுங்கள். தினமும் இரவில் மட்டும் விழுகிறதென்றால் பிளானை ஏற்றாதீர்கள், கம்பெனியை மாற்றுங்கள். மாற்றுமுன் அதே தெருவில் புதுக் கம்பெனியின் இணைப்பு வைத்திருக்கும் வீட்டில் இரவில் போய் விசாரியுங்கள். பகலில் விசாரித்துப் பயனில்லை.

கிரிக்கெட் நேரலை மட்டும் இதில் சேராது. சினிமா என்றால் ஆப் முன்கூட்டியே கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளும். நேரலையில் அதற்கு அவகாசம் குறைவு, அதனால் சின்னத் தடங்கலும் திரையில் தெரியும். கோடிக்கணக்கானோர் ஒரே ஓவரைப் பார்க்கும்போது தடுமாற்றம் அந்தப் பக்கத்திலும் இருக்கலாம். சேப்பாக்கத்தில் கடைசி ஓவர் சுற்றிக்கொண்டு நின்றால் உடனே பிளானைத் திட்டாதீர்கள்.

வீட்டுக்குள் கடைசி முப்பது அடி

"நெட் ஸ்லோ" என்று வருகிற புகார்களில் பெரும்பங்கு இந்த முப்பது அடியில்தான் பிறக்கிறது. ஃபைபர் வீட்டுக்குள் நுழைகிற இடத்திலேயே, அது பால்கனியோ வாசல் ஜன்னலோ, லைன் போட வந்தவர் ரவுட்டரை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். அவருக்கு இன்னும் நாலு வீடு பாக்கி. நாமும் அது கண்ணில் படக்கூடாது என்று டிவிக்குப் பின்னால், ஷோகேஸின் கீழ்த்தட்டில், சில வீடுகளில் பரணில் தூக்கி வைத்துவிடுகிறோம். அலையில் பாதி தெருவுக்குப் போகிறது.

ரவுட்டர் இரண்டு அலைவரிசைகளில் பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் மெதுவானது. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான்: 1, 6, 11. அடுக்குமாடியில் பக்கத்து வீடு, மேல் வீடு, எதிர் வீடு எல்லாமே அந்த மூன்றில்தான் முட்டிக்கொள்ளும். ஒரே அறையில் பத்துப் பேர் கூடினாலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பது போன்ற நிலை. விலை குறைந்த பல ஃபோன்களில் 2.4 மட்டுமே உண்டு. அவற்றில் "72 எம்பிபிஎஸ் இணைப்பு" என்று காட்டினாலும் கையில் கிடைப்பது அதில் பாதி சொச்சம். அந்த ஃபோனுக்காக 300 வாங்கினால் அது கடைசிவரை 40-ஐத் தாண்டாது. 5 கிகாஹெர்ட்ஸ் அதே அறையில் 400-கூடத் தரும். ஆனால் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒன்றைத் தாண்டினாலே நொண்டத் தொடங்கும். கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்குப் போவது அதற்கு இன்னும் கடினம். இடையில் இரும்பு பீரோவோ ஆளுயரக் கண்ணாடியோ ஃப்ரிட்ஜோ இருந்தால் கேட்கவே வேண்டாம்.

காசில்லாத வைத்தியம்: ரவுட்டரை வீட்டின் நடுவில், தலை உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள். லைன்காரரிடம் கூடுதலாகப் பத்து மீட்டர் ஃபைபர் இழுக்கச் சொல்லிக் கொஞ்சம் பணம் கொடுத்தால் முகம் கோணாமல் செய்வார். அந்த மஞ்சள் அல்லது கறுப்பு வயரை மூலையில் மடக்கி ஆணியடிக்க மட்டும் விடாதீர்கள். கண்ணாடி இழை அது. கூர்மையாக மடங்கினால் ஒளி கசிந்துவிடும். வாசலுக்கு வெளியே அணில் கடிக்கிற தொல்லையும் உண்டு. பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை, வயரில்தான் கோளாறு. வருகிற ஆளிடம் "பவர் எவ்வளவு காட்டுது?" என்று கேளுங்கள். மைனஸ் 20 பக்கம் இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐ நெருங்கினால் மழை நாளில் மறுபடி அறுந்து விளையாடும். கேள்வியைக் கேட்டதுமே அவர் கொஞ்சம் கவனமாகப் பார்ப்பார் என்பது கூடுதல் லாபம்.

மாடிக்கு எட்டவில்லை என்றால் பலரும் வாங்குவது ரிப்பீட்டர். விலை குறைந்த ரிப்பீட்டர்கள் கேட்டதையே திருப்பிச் சொல்கிறவை, அதில் வேகம் பாதியாகிவிடும். நல்ல வழி, மாடிப்படி ஓரமாக ஒரு கேட்6 லேன் கேபிளை மேலே கொண்டுபோய், அங்கே இன்னொரு ரவுட்டரை அக்சஸ் பாயின்டாகப் போடுவது. பழைய ரவுட்டர் வீட்டில் சும்மா கிடந்தால் அதுவே போதும். புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தளம் போடும்போதே கரன்ட் பைப்போடு தனியாக ஒரு கன்ட்யூட் பைப்பை ஹாலிலிருந்து மாடிக்கும், டிவி வரப்போகிற சுவருக்கும் விடச் சொல்லுங்கள். எலெக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. குடிபோன பிறகு சுவரை வெட்ட மனம் வராது.

கேபிளிலும் ஒரு சூட்சுமம். 200, 300 பிளான் போட்டும் லேன் கேபிளில் அளந்தால் எப்போதும் 94, 95 என்றே நிற்கிறதா? கம்பெனி ஏமாற்றவில்லை. கேபிளின் எட்டு இழைகளில் நாலைத்தான் யாரோ கிரிம்ப் செய்திருப்பார்கள், அல்லது நீங்கள் குத்தியிருப்பது 100 எம்பிபிஎஸ் போர்ட். சில பெட்டிகளில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட், மற்றது பழைய வகை. பெரும்பாலான ஸ்மார்ட் டிவிகளின் லேன் போர்ட்டும் 100-க்கு மேல் போகாது. 4கே படத்துக்கு அதுவே ஐந்து மடங்கு.

அளந்து பார்ப்பது எப்படி

படுக்கையறையில் படுத்துக்கொண்டே ஃபோனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பார்ப்பது பிளானை அளப்பதாகாது, அது சுவர்களை அளப்பது. முதலில் லேப்டாப்பை லேன் கேபிளில் இணைத்து அளந்து பாருங்கள். பிறகு ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று 5 கிகாஹெர்ட்ஸில். பிறகு தூர அறையில். முதல் எண் சரியாக இருந்து கடைசி எண் கெட்டிருந்தால் கம்பெனிக்கு ஃபோன் செய்ய வேண்டியதில்லை.

ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் சர்வரை, சில சமயம் உங்கள் கம்பெனியின் சொந்த சர்வரையே, தேர்ந்துகொள்ளும். வீட்டிலிருந்து கம்பெனி வரை சாலை நன்றாக இருப்பதை அது காட்டும், அதற்கப்பால் காட்டாது. நெட்ஃப்ளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட் டாட் காம் அவர்களுடைய சர்வரிலிருந்து அளக்கும். இரண்டிலும் பாருங்கள். ஃபாஸ்டில் கூடுதல் விவரம் கேட்டால் சும்மா இருக்கும்போது தாமதம் எவ்வளவு, இணைப்பு நிறைந்திருக்கும்போது எவ்வளவு என்று இரண்டு எண் தரும். முதலாவது 10, இரண்டாவது 300 என்று வந்தால், மீட்டிங் உறைவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

பணம், ஜிபி, கரன்ட்

30, 40 எம்பிபிஎஸ் பிளான்கள் மாதம் 400-லிருந்து 500 ரூபாய், 100 எம்பிபிஎஸ் 700, 800, 300 எம்பிபிஎஸ் 1,500 பக்கம். எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, விளம்பரத்தில் சின்ன எழுத்தில். 100-க்கும் 300-க்கும் இடையில் மாதம் 700 ரூபாய் வித்தியாசம் என்றால் வரியோடு 826. வருடத்துக்கு ஏறக்குறைய பத்தாயிரம். அதில் நல்ல ரவுட்டர் ஒன்றும் மாடிக்கு லேன் கேபிளும் போட்டு மிச்சமும் இருக்கும். பெரிய பிளானோடு ஓடிடி சந்தா சேர்ந்து வருகிறதென்றால், அவற்றில் நிஜமாகப் பார்ப்பது எதுவோ அதன் விலையை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

"அன்லிமிடெட்" என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் 3,300 ஜிபி என்ற வரம்பு இருக்கும். இதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒரு நாளைக்கு 110 ஜிபி அது. எச்டி படம் மணிக்கு 3 ஜிபி என்று வைத்தாலும் தினமும் 36 மணி நேரத்துக்கு மேல் பார்க்க வேண்டும். ஏர்ஃபைபரில் 1,000 ஜிபி வரம்பு வழக்கம், நாலு பேர் உள்ள வீடு அங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். வரம்பு தாண்டிய பிறகு வேகம் எவ்வளவுக்கு இறங்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில பிளான்களில் அது 2 எம்பிபிஎஸ். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கணக்கில் 2023-லிருந்து பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ள வேண்டிய குறைந்தபட்ச வேகம் அதுதான், அதற்கு முன் 512 கேபிபிஎஸ். 2-ல் வாட்ஸ்அப் ஓடும், வங்கி வேலை நடக்கும், டிவி ஓடாது.

நம் ஊர்களில் வேகத்தைவிட முக்கியமானது மின்வெட்டில் நெட் நிற்காமல் இருப்பது. ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுகிறவை. அவற்றுக்கென்றே சின்ன யுபிஎஸ் விற்கிறது, சில மணி நேரம் தாங்கும். அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்து வாங்குங்கள். வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். அடுத்த மின்வெட்டில் பெட்டியை இன்வெர்ட்டர் பிளக்கில் போட்டுப் பாருங்கள். அப்போதும் நெட் வரவில்லை என்றால், கேபிள்காரர் தெருமுனை வீட்டு மாடியில் வைத்திருக்கும் ஸ்விட்சுக்கே கரன்ட் இல்லை என்று பொருள். அந்த நிலையில் உங்கள் யுபிஎஸ் காசு வீண்.

ஏற்கெனவே பெரிய பிளானில் இருக்கிறவர்கள் ஒன்று செய்யலாம். ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டியிருந்தால் அது முடியும்வரை பொறுத்திருந்து, அடுத்த மாதத்துக்கு மட்டும் ஒரு படி கீழே இறக்குங்கள். 300-ல் இருந்தால் 100, 100-ல் இருந்தால் 40. வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள். சொன்னால் அன்று மாலையே எல்லாருக்கும் ஸ்லோவாகத் தெரியும். ஒரு மாதம் முழுக்க யாரும் வாய் திறக்கவில்லை என்றால் அப்படியே தொடருங்கள். திறந்தால் மறுபடி ஏற்றிக்கொள்ள ஒரு ஃபோன் அழைப்பு போதும், கம்பெனிக்காரர்கள் அதில் மட்டும் ஒருநாளும் தாமதித்ததில்லை.